தொடுவதற்கு முன்

திரையில் தெரிந்த கையைப் பார்த்துச் சிரிக்காதவள் அன்னத்தாய் ஒருத்திதான். சாவடிச் சுவரில் கட்டிய வேட்டியில், படம் காட்டும் லாந்தர் வெளிச்சத்தில், வண்டிச் சக்கரம் பெரிசுக்கு ஒரு கை. நகத்துக்கடியில் கொத்துக் கொத்தாகப் பூச்சிகள். ஜில்லா போர்டு சுகாதாரப் பிரசாரத்துக்கு வந்திருந்த நர்ஸ் கிருபாவதி, பிள்ளை எடுக்கிறவள் தாயைத் தொடுவதற்கு முன் சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவ வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாம் நாள் குளிர்காய்ச்சல் வரும் என்றாள்.

மூன்றாம் நாள். அனுமந்தன்பட்டியில் இருபது வருசமாகப் பிள்ளை எடுக்கும் நாவிதர் வீட்டு மருத்துவச்சி அன்னத்தாய்க்கு அந்த நாள் தெரியும். போன வருசம் அவள் பிள்ளை எடுத்த மூன்று பேர் அப்படித்தான் போனார்கள். அதில் ஒருத்தி அவள் பெற்ற மகள் மொக்கம்மாள். முனி அடித்துவிட்டது என்று ஊர் சொன்னது. அவளும் நம்பி, அழுது, ஒருவழியாக ஓய்ந்திருந்தாள். இப்போது இந்த நர்சம்மா வந்து முனியை எழுப்பிவிட்டு அந்த இடத்தில் அவளை உட்கார வைத்துவிட்டாள். நல்ல பிரசாரம்! கொடுத்த சோப்புக் கட்டியை மடியில் முடிந்துகொண்டு வீட்டுக்கு நடந்தாள்.

எட்டாம் நாள் சண்முகத்தாய் வீட்டிலிருந்து ஆள் வந்தது. மகள் ராஜாத்தி தலைப்பிரசவத்துக்கு வந்திருந்தாள்.

அன்னத்தாய் கொல்லையில் நின்று கேட்டாள். "தாயி, ஒரு கொடம் வெந்நி வேணும். கை கழுவணும்."

"இப்ப எதுக்குடி?"

"தொடுறதுக்கு முன்னாடி கழுவணுமாம். நர்சம்மா சொன்னாக."

அந்த ஊரில் பிள்ளை பிறந்த பிறகுதான் மருத்துவச்சி கை கழுவுவாள். பிறப்புதான் தீட்டு, கொடி அறுக்கும்வரை வீட்டுத் தண்ணீர் அவள் பக்கம் வராது.

"தீட்டுக்குள்ள எறங்குறதுக்கு என்னத்தடி கழுவல்? பூசைக்கா போற?" என்றாள் சண்முகத்தாய். "அந்தக் கட்டியில மாட்டுக் கொழுப்பு போடுறாகளாம். அங்கன தூக்கி எறிஞ்சிட்டு உள்ள வா."

உள்ளே ராஜாத்தி "ஆத்தா" என்று அலறினாள். கழுவாமல் தொட மாட்டேன் என்ற சொல் அன்னத்தாய்க்கு நாக்கு நுனிவரை வந்தது. வாய்க்காலுக்கு ஓடிப்போய்க் கழுவிவர நேரமில்லை. எதிர்த்துப் பேசிவிட்டு அந்த ஊரில் குடியிருக்கவும் முடியாது. சேலையில் இரண்டு கையையும் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள். துடைத்தால் போகுமா? உள்ளே போனாள்.

ஆண் பிள்ளை. கொடி அறுத்ததும் சண்முகத்தாய் சிரித்த முகமாக, ஒன்றல்ல, நான்கு குடம் வெந்நீரை உயரத் தூக்கி அவள் கையில் ஊற்றினாள். "நல்லாக் கழுவுடி. தீட்டு ஒட்டியிருக்கக் கூடாது." இவ்வளவு தண்ணீரும் இந்த வீட்டில்தான் இருந்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டே அன்னத்தாய் கழுவினாள்.

மூன்றாம் நாள் கூப்பிடாமலே போனாள். கம்பளிக்கு மேல் கம்பளி போர்த்தியும் ராஜாத்தியின் பல் தந்தியடிக்கும் சத்தம் கொல்லைவரை கேட்டது. சண்முகத்தாய் அழுது வீங்கிய முகத்தோடு பிள்ளையைக் கொண்டுவந்து அவளிடம் நீட்டினாள்.

"ஒங் கைராசியில பொறந்த புள்ளடி. அவளுக்குப் பால் வத்திப்போச்சு. செத்த நேரம் வச்சிரு, முனிக்கு நேந்து காசு முடிஞ்சிட்டு வாரேன்."

பிள்ளை பசியில் தலையை அங்குமிங்கும் திருப்பியது. அகப்பட்ட விரலைப் பற்றி வாய்க்கு இழுத்தது. அன்னத்தாய் வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டாள். பிள்ளை வீறிட்டது. பத்து விரல்களையும் அதன்மேல் படாமல் அகல விரித்துக்கொண்டு, முழங்கைகளால் மட்டும் அதை ஏந்தியபடி அவள் நின்றாள்.