அஞ்சடியில் போட்ட பலகை

"கையை எடுடா!"

சவப்பெட்டியின் தலைமாட்டுப் பிடியில் இருந்த தம்பியின் கையை ரமணி பிடுங்கி எறிந்தாள். "கொன்னதும் நீ, தூக்கறதும் நீயா?"

மேளம் நின்றது. பந்தலில் இருந்த சனம் முழுதும் திரும்பிப் பார்த்தது. சித்தப்பா தம்புசாமி பதறிக்கொண்டு ஓடிவந்தார்.

"ரமணி, நேரங்காலம் பாரு லா. அப்பாவ வச்சுக்கிட்டு என்ன பேச்சு இது?"

"நீங்க சும்மா இருங்க சித்தப்பா. இந்தா, இத எல்லாரும் பாருங்க!" குழாயடியில் உப்பித் தூக்கிக்கொண்டு நின்ற தரைப்பலகையின் விளிம்பை ஓங்கி உதைத்தாள். "இதுல தட்டித்தான் எங்கப்பா விழுந்தாரு. இவன் வாங்கிப் போட்ட மட்டச் சாமான்!"

தம்பி வாசு அவளை விலக்கிவிட்டு மறுபடி பெட்டியைப் பிடித்தான். அதுதான் அவளுக்கு இன்னும் எரிந்தது. ரோஷமுள்ளவன் ஒரு வார்த்தை திருப்பிச் சொல்ல வேண்டாமா? வாயில் கொழுக்கட்டை வைத்த மாதிரி நின்றால், செய்ததை ஒத்துக்கொள்கிறான் என்றுதானே அர்த்தம்?

கிள்ளானில் அந்த வரிசை வீடுகளின் முன்வாசலான அஞ்சடியெல்லாம் சிமெண்டுத் தரைதான். ஒரு கார் நிறுத்தலாம், கார் இல்லாதபோது நாற்காலி போட்டு உட்காரலாம். ரயில்வேயில் ஓய்வு பெற்ற அப்பா ரெங்கசாமிக்குப் பகல் முழுக்க அங்கேதான் வாசம். சிமெண்டு காலுக்குக் குளிர்கிறது என்று ஒரு தடவை சொல்லிவிட்டார். மரத்தூளை அழுத்திச் செய்கிற லேமினேட் பலகை தொண்ணூற்றேழில் புதுசு. வாசு அதை வாங்கி வந்து, இரண்டு ஞாயிற்றுக்கிழமை முட்டி போட்டு, பசை தடவி, தட்டித் தட்டித் தானே பொருத்தினான். சாரல் அடிக்காமல் மூங்கில் தட்டியும் கட்டினான். காரை ரோட்டோரம் நிறுத்திக்கொண்டான். செராஸில் இருக்கும் தன் வீட்டிலிருந்து வந்து பார்த்த ரமணி, "ஷோ காட்டறான்" என்று உதட்டைச் சுழித்துவிட்டுப் போனாள். நாலே மாதம். அப்பா கால் இடறி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தது. மூன்று வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்தார். நெஞ்சில் சளி கட்டிக்கொண்டது, போய்விட்டார்.

வண்டி கிளம்பியதும் ஆண்கள் பின்னாலேயே போனார்கள். பெண்கள் வீடு கழுவ ஆரம்பித்தார்கள். பக்கத்து வீட்டுச் சந்திரகலா கூடத்திலிருந்து தண்ணீரைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அம்மா இராஜம்மா அஞ்சடிக் குழாயில் வாளியை வைத்துத் திறந்துவிட்டாள்.

"நீ உக்காரும்மா. நாங்க பாத்துக்கறோம்," என்றாள் ரமணி.

உட்காரச் சொன்னால் கேட்கிற பிறவியா அது? நிறைந்த வாளியைத் தூக்கிப் பலகையில் சளாரென்று ஊற்றினாள்.

"ஆன்டி, இதுல தண்ணி ஊத்தக் கூடாதுன்னு வாசு சொன்னுச்சே?" என்றாள் சந்திரகலா.

"அவன் கெடக்கான். ஈரத்துணியால தொடச்சா போதும்னு தெனம் என் உசுர வாங்குவான். தண்ணி ஊத்திக் கழுவாட்டி அது வாசலா? அவன் வேலைக்குப் போனதும் ஒரு வாளி ஊத்திருவேன். ஒரு நாளும் விட்டதில்ல."

ரமணி பார்த்துக்கொண்டே நின்றாள். தண்ணீர் பலகைகள் சேரும் இடுக்கில் தேங்கி, மெல்ல உள்ளே இறங்கியது. குழாயைச் சுற்றி ஏழெட்டுப் பலகைகள் ஊறிப்போய் விளிம்பு தூக்கி நின்றன. தண்ணீர் எட்டாத அந்தக் கோடியில் மற்றவை போட்ட அன்று போலவே வழவழவென்று கிடந்தன. எல்லாம் ஒரே கடைச் சாமான்தான். காலையில் தான் உதைத்த விளிம்பை அவள் குனிந்து அழுத்திப் பார்த்தாள்; தண்ணீர் கசிந்தது.

"நீ அவன நாக்கப் புடுங்கற மாதிரி கேட்டியே, அது சரிதான்டி." அம்மா துடைப்பத்தால் தண்ணீரைத் தள்ளினாள். "நல்ல சாமானா இருந்தா இப்படி ஆயிருக்குமா? எம் புருசன முழுங்கிட்டான், படுபாவி."

"அம்மா..."

ரமணி அம்மா கையிலிருந்த துடைப்பத்தை வாங்கிக்கொண்டாள். என்னவென்று சொல்வாள்? ஊரைக் கூட்டி வைத்து ஒருத்தனைக் கொலைகாரன் ஆக்கியாயிற்று. அந்தப் பழியை இறக்கி வைப்பதென்றால் பெற்றவள் தலையில்தான் வைக்க வேண்டும்.

பன்னிரண்டு மணிக்கு மேல் வாசு மொட்டைத் தலையோடு கேட்டில் வந்து நின்றான். கால் கழுவாமல் உள்ளே வரக்கூடாது. ரமணி வாளியும் கையுமாக ரோட்டுக்குப் போனாள். அம்மா வாசற்படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா ஊத்துன தண்ணியாலதான்னு உனக்குத் தெரியுமாடா?" உதடு அசையாமல் கேட்டாள் ரமணி.

அன்றைக்கு முதல் தடவையாக அவன் அவள் முகத்தைப் பார்த்தான். "அப்பா விழுந்த மறுநாளே கடைக்காரன் வந்து பாத்துட்டுச் சொன்னான்."

"அப்ப காலைல ஏன்டா வாயத் தொறக்கல? நான் பாட்டுக்கு..."

"தொறந்தா அம்மா உசுரோட இருக்குமாக்கா?"

அவளுக்கு மன்னிச்சுக்கடா என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. படியிலிருந்து அம்மா கழுத்தை நீட்டினாள்.

"அவங்கிட்ட என்னடி ரகசியம்?"

வாசு தலையைக் குனிந்துகொண்டான். "அம்மா பாக்குது. திட்டுக்கா."

"வாசு..."

"சத்தமா."

பந்தல் பிரிக்க வந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்க்கும்படி ரமணி கத்தினாள். "நாசமாப் போறவனே! பெத்த அப்பனுக்குக் குழி தோண்டிட்டு மொட்டை ஒரு கேடா உனக்கு?" கண்ணிலிருந்து பொலபொலவென்று கொட்டியது. கத்திக்கொண்டே குனிந்து அவன் வலது பாதத்தில் தண்ணீர் ஊற்றி, விரலிடுக்கில் ஒட்டியிருந்த சுடுகாட்டு மண்ணைக் கையாலேயே தேய்த்துக் கழுவினாள்.

வாசு இடது காலை நீட்டினான்.