யார் பேசினால் யார் அடங்குவது

ஒப்பாரியின் இரண்டாவது அடியை இழுக்கும்போதுதான் ஜீவராணியின் குரல் மண்டபத்திலிருந்து காணாமல் போனது.

தொண்டையில் இருந்தது. மாரில் அடித்துக்கொண்ட கையின் சத்தமும் அவளுக்குக் கேட்டது. ஆனால் கூரையோரம் தொங்கிய ஸ்பீக்கர்களில் அவள் இல்லை. அங்கே தோட்டத் துரையின் குரல் இருந்தது.

"சண்முகவடிவு நல்ல வேலக்காரி. தோட்டம் செய்யிற எல்லாம் நாங்க செஞ்சது..."

அக்காளின் தலைமாட்டில் பாயில் உட்கார்ந்திருந்தவள் கையிலிருந்த மைக்கைத் தட்டிப் பார்த்தாள். டொக் என்றுகூட வரவில்லை. துரை மேடையில் மூச்சு வாங்க நிறுத்தியபோது மட்டும் அவளுடைய குரல் திரும்ப வந்தது. அவர் வாயைத் திறந்ததும் மறுபடி உள்ளே போய்விட்டது, யாரோ கழுத்தைப் பிடித்து அமுக்கினாற்போல.

அக்கா வடிவு குளவி கொட்டிச் செத்தவள். ஏழாம் நம்பர் மலையில் மரத்தில் தொங்கிய கூட்டைக் காட்டி, கலைத்துத் தாருங்கள் என்று பெண்கள் கேட்டுக் கேட்டு அலுத்துப் போயிருந்தார்கள். அன்று கூடு கலைந்தது. றோட்டில் தேயிலைக் கொழுந்து ஏற்றிய லொறி நின்றது. முகம் வீங்கிக் கிடந்தவளை அதில் ஏற்றி டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு விடச் சொல்லிக் கெஞ்சினார்கள். கொழுந்து பழுதாகிவிடும், முதலில் பெக்டரியில் இறக்கிவிட்டு வரட்டும் என்று ஆபிசிலிருந்து போனில் சொன்னார்கள். இறக்கிவிட்டு வந்தது. அதற்குள் வடிவுக்கு லொறி தேவைப்படவில்லை.

மழை விடாமல் அடித்ததால் சவப்பெட்டியை லயத்து வீட்டின் சின்னக் காம்பராவில் வைக்க முடியவில்லை. புது மண்டபத்தைத் துரையே திறந்து கொடுத்தார். மாலையும் கொண்டு வந்தார். பெட்டி எடுக்கும்வரை முன்வரிசையில் இருப்பதாகச் சொன்னார்.

அதற்காகவே ஜீவராணி காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் காத்திருந்தாள். காலையில் வேலை பிரிக்கிற பெரட்டில் வாய் திறக்க முடியாதவளும் பிணத்தின் தலைமாட்டில் யாரையும் பேர் சொல்லிக் கேட்கலாம். ஒப்பாரியில் சொன்னதற்கு யாரும் யாரையும் விசாரணைக்குக் கூப்பிட்டதில்லை. நாளைக்குப் போய் ஆபிசில் இதையே சொன்னால் வாட்சர் கேட்டைத் திறக்கமாட்டான். பெட்டி மூடுவதற்குள் துரையின் காதில் அது விழுந்தாக வேண்டும்.

மைக்கைப் பாயில் போட்டுவிட்டு எழுந்து மேடையின் பக்கவாட்டுக்குப் போனாள். அங்கே இரும்பு அலுமாரிக்குள் பச்சை விளக்குகள் மினுங்கின. பக்கத்தில் மடிக் கம்ப்யூட்டரோடு அவள் மகன் தர்ஷன் நின்றான். கொழும்பில் மண்டபங்களுக்கும் ஹோட்டல்களுக்கும் சவுண்ட் பூட்டுகிற கம்பெனியில் அவனுக்கு வேலை. இந்த மண்டபத்துக்குப் பூட்டியதும் அவன்தான்.

"டேய், யாருடா என் சத்தத்த அமத்துனது?"

"யாரும் அமத்தலம்மா. அது தன்னால எறங்கும்."

"தன்னால எறங்குதா? பெட்டிக்குப் புத்தி இருக்கா?"

"இதுக்குப் பேரு புரொசஸர். எந்த மைக்கு எந்த ஸ்பீக்கருக்குப் போகணும், யாரு பேசினா யாரு அடங்கணும், எல்லாம் இதுக்குள்ள எழுதி வெக்கிறது. மேட மைக்ல ஆள் பேசினா கீழ இருக்கிற மைக்கெல்லாம் எறங்கிரும். அப்பிடிப் போட்டிருக்கு."

"போட்டிருக்குன்னா? யாரு போட்டது?"

தர்ஷன் சாவிப் பலகையைப் பார்த்தான்.

"நாந்தான். கூட்டத்துல சனம் குறுக்கப் பேசுது, தொர பேசுறது கேக்கலன்னு ஆபிஸ்ல சொன்னாங்க. போட்டுக் குடுத்தேன்."

ஜீவராணிக்குக் கை பரபரத்தது. மண்டபம் திறந்த அன்று, என் பிள்ளை போட்ட பெட்டி என்று லயம் லயமாகச் சொல்லித் திரிந்த வாய் இது. அந்த வாயையே அடைக்கத்தான் பெட்டி போட்டிருக்கிறான்.

"மாத்து."

"முடியாதும்மா. கம்பெனி பாஸ்வேர்ட். நான் கைய வெச்சா தோட்டத்து ஆபிஸ்ல இருந்து கம்பெனிக்குச் சொல்லிருவாங்க. என் வேல போயிரும்."

"பாஸ்வேர்ட் உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"...தெரியும்."

"அப்ப முடியாதுன்னு சொல்லாத. மாட்டேன்னு சொல்லு."

அவள் குவைத்தில் வீட்டு வேலை செய்த காலமெல்லாம் இவனுக்குச் சோறு போட்டு வளர்த்தவள் வடிவுதான். அதைச் சொல்ல வாயெடுத்தாள். சொல்லவில்லை. தெரியாதவனிடமா சொல்வது?

தொழிற்சங்கத் தலைவர் கந்தப்பன் குனிந்தபடி ஓடிவந்தார். "ஜீவா, கொஞ்சம் பொறு தாயி. தொர பேசி முடிக்கட்டும். அப்பறம் நீ ஆசதீர அழு."

"அழுவுறதுக்கும் பேர் குடுத்துட்டு வரிசையில நிக்கணுமாண்ணே? கூடு தொங்குதுன்னு சொன்னப்பவும் பொறுன்னுதான் சொன்னீங்க. பொறுத்துப் பொறுத்து அந்தா கெடக்குறா பாருங்க."

கந்தப்பன் தலையைத் தடவிக்கொண்டார். ஜீவராணி மகனைத் திரும்பிப் பார்க்காமல் பாய்க்குப் போனாள். மைக்கை எடுத்தாள். ஸ்பீக்கரில் வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி, தொண்டை கிழியட்டும்.

"கொழுந்து வாடுமுன்னு, என்னப் பெத்த அக்கா,
லொறிய அனுப்புனாங்க..."

மண்டபம் அதிர்ந்தது.

அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. நாலு மூலையிலிருந்தும் அவள் குரல்தான் வந்தது. மேடையில் துரையின் வாய் அசைந்தது, சத்தம் இல்லை. அவர் மைக்கைத் தட்டினார். ஊதினார்.

"நீ வாடிக் கெடந்தையே, என்னப் பெத்த அக்கா,
உன்ன யாரு தூக்குனாங்க..."

மூச்சு வாங்க நிறுத்தினாள். உடனே ஸ்பீக்கரில் "...உங்க துக்கத்தில நாங்களும்..." என்று துரை வந்தார். அவள் வாய் திறந்தாள். துரை போய்விட்டார்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. பையன் பெட்டியை அப்படியே தலைகீழாகப் புரட்டியிருக்கிறான். இப்போது அடங்க வேண்டியது மேடை. ஆனால் இவள் மூச்சு விடுகிற இடமெல்லாம் துரை நுழைவார்.

பக்கத்தில் இருந்த றோசலினும் அதைக் கண்டுகொண்டாள். அந்தோனியார் கோவிலில் பாட்டுப் படிக்கிறவள். ஒப்பாரி அவளுக்கு வராது. ஜீவராணி மூச்சை இழுத்ததும் மைக்கைத் தன் பக்கம் சாய்த்து, "ஐயோ வடிவூ! லொறி நின்னுச்சே வடிவூ! கண்ணால பாத்தேனே வடிவூ!" என்று மாதா பிரார்த்தனை ராகத்திலேயே இழுத்தாள். அவள் ஓயும் முன்னால் அடுத்திருந்த பிரியந்தி பிடித்தாள். அவளிடமிருந்து ஜீவராணி.

"குளவி கொட்டயில, கூப்புட்டுப் பாத்தோமே, கூப்புட்டாக் கேக்கலையே,
கூடைக் கொழுந்தா நீ பொறந்திருந்தா, கூப்புடாம லொறி வந்திருக்கும்!"

மலையில் கொழுந்து பறிக்க நிரை பிடித்து நின்ற பெண்கள் அத்தனை பேரும் பாயைச் சுற்றி நெருங்கிவிட்டார்கள். மைக் கைக்குக் கை போனது. கூட்டைக் காட்டிக் கொடுத்த நாளையும், கங்காணி சிரித்ததையும், போனில் ஆபிஸ் சொன்னதையும் ஒருத்தி விட்ட இடத்தில் இன்னொருத்தி எடுத்தாள். இடையில் துரையின் ஒரு சொல் நுழைய இடமில்லை. "நோனாலா, டிக்கக் இன்னகோ" என்று, கொஞ்சம் பொறுங்கள் என, அவர் சிங்களத்தில் கத்தியது முன்வரிசைக்குக்கூடக் கேட்டிருக்காது. முகம் சிவந்து நின்று பார்த்தார். பிறகு இறங்கி, மழையில் குடையில்லாமல் ஜீப்புக்கு நடந்தார். பெட்டி எடுக்கும்வரை அவர் இருக்கவில்லை.

ஜீவராணி நிறுத்தவில்லை. ஆள் போனாலும் கோபம் போகவில்லை.

சாயங்காலம் ஆண்கள் குழி மூடிவிட்டுத் திரும்பியபோது பெண்கள் மண்டபத்தைக் கழுவி முடித்திருந்தார்கள். இரும்பு அலுமாரியில் புதிதாக ஒரு பூட்டுத் தொங்கியது. தர்ஷன் கால் சேற்றோடு பின்படியில் வந்து உட்கார்ந்தான். பெட்டி சுமந்த தோளைத் தடவிக்கொண்டான். ஜீவராணி இரண்டு படி தள்ளி, கோப்பையில் பாலில்லாத பிளேன்டியோடு உட்கார்ந்திருந்தாள். அவளுக்குத் தொண்டையில் சத்தமே இல்லை.

அவனுடைய சட்டைப்பையில் போன் அடித்தது. எடுத்துப் பார்த்தான், கம்பெனி நம்பர். படியில் கவிழ்த்து வைத்தான். அது அடித்து ஓய்ந்து, மறுபடி அடித்தது.

அவள் போனைப் பார்த்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை. கையிலிருந்த கருப்பட்டித் துண்டைப் பல்லால் கடித்து உடைத்து, பெரிய பாதியைக் கோப்பையோடு சேர்த்து அவன் பக்கம் நீட்டினாள்.