நகராத முள்

என் அக்கா வீட்டுக்காரருக்குப் 'புலி' என்று பட்டப்பெயர். அவரே வைத்துக்கொண்டது. பாலத்து வேலையில் பைல் சோதனை அவர் பொறுப்பு. அறிக்கையில் கையெழுத்து என் பொறுப்பு. அன்று ஆபீஸில் கரண்ட் இல்லாததால் ஆற்றுப்பக்கம் போனேன்.

கால் வைத்தால் முட்டிவரை இறங்கும் சேறு. அதனால்தான் பைல் என்னும் கான்கிரீட் தூணை, அடியிலுள்ள கெட்டி மண் வரை இறக்குகிறோம். கெட்டியாக நிற்கிறதா என்று தலையில் பாரம் ஏற்றிப் பார்ப்போம். எத்தனை மில்லிமீட்டர் அமுங்குகிறது என்று ஒரு முள் காட்டும். எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூடப் புரியும். புலிக்குப் புரியவில்லை.

"பாத்தியா? முழு பாரம் ஏத்தியாச்சு, முள்ளு இம்மிகூட நகரல. பூஜ்ஜியம்! வேற எவனாவது காட்டுவானா?" என்று மார் தட்டினார்.

காட்ட மாட்டான். பாறைமேல் நின்றாலும் கான்கிரீட் கொஞ்சமாவது அமுங்கும். குனிந்து பார்த்தேன். முள்ளைத் தாங்கும் இரும்புச் சட்டம் பைலை விட்டுத் தள்ளி, அசையாத தரையில் நிற்கவேண்டும். இந்த மேதாவி அதன் கால்களைப் பைலின் தலையில் நீட்டியிருந்த கம்பிகளோடேயே வெல்டிங் செய்திருந்தார்.

"என்ன அத்தான் இது கூத்து?"

"சேத்துல வச்சா கால் இறங்குதும்மா. இங்க கெட்டியா இருக்கிறது இது ஒண்ணுதான்."

"ஓடுற பஸ்ஸுல உக்காந்துகிட்டு, பக்கத்து சீட்டு அங்கயேதான் இருக்கு, அதனால பஸ் நகரலைன்னு சொல்வீங்களா? காலேஜுக்குப் போய்ப் படிச்சீங்களா, வாசல்லயே நின்னுட்டு வந்துட்டீங்களா?"

அக்கா முகத்துக்காகக்கூட நான் நாக்கை அடக்கவில்லை. மேட்டில் லெவல் கருவியை நிறுத்தி, காலையில் பாரம் ஏற்றுமுன் சர்வேயர் குறித்த மட்டத்தோடு ஒப்பிட்டேன். பைல் நாற்பத்தாறு மில்லிமீட்டர் இறங்கியிருந்தது. 'தேறவில்லை' என்று சிவப்பு மையில் எழுதி அவர் மூக்குக்கு நேரே நீட்டினேன்.

அவர் முகம் வெளுத்தது. "இத அனுப்பாதம்மா."

"உங்களுக்காக நான் முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கணுமா?"

"எனக்காக இல்ல. முன்னாடி ஒன்பது பைலையும் இப்படித்தான் சோதிச்சேன். ஒன்பதுக்கும் பூஜ்ஜியம்னுதான் எழுதிக் குடுத்தேன். நீ ஒரு தடவைகூட ஏன்னு கேக்கல. கையெழுத்துப் போட்டுட்ட."

அந்த ஒன்பதின் மேல்தான் பாதிப் பாலம் நின்றது. அதன் மேல் கான்கிரீட் லாரி ஒன்று ஏறிக்கொண்டிருந்தது. பத்து ஆட்கள் அதற்காகக் காத்து நின்றார்கள்.

என் கை அந்தத் தாளை மடித்துப் பைக்குள் வைக்கப் போனது. சீ, நீயும் ஒரு மனுஷியா என்று என்னையே காறித் துப்பிவிட்டு, லாரியை நிறுத்தச் சொல்லிக் கத்திக்கொண்டே ஓடினேன்.