முப்பத்தோராவது வீடு

கிட்டே வாங்க கண்ணுகளா, இன்னும் கொஞ்சம் கிட்டே. என் குரல் முன்னே மாதிரி எட்டாது. ஒரு அக்காவுக்கும் தங்கைக்கும் நடுவில் ஓர் அணை நின்ற கதையைச் சொல்கிறேன். அழ வைக்க மாட்டேன் என்று வாக்குக் கொடுக்க முடியாது. பாதியில் விட்டுவிட்டு எழுந்து போக மாட்டேன், அதற்கு வேண்டுமானால் வாக்குத் தருகிறேன்.

தங்கைக்கு ஐம்பது வயது. வெள்ளத்தைத் தடுக்கக் கட்டிய மண் அணையில் ஷட்டர் இயக்குவது அவள் வேலை. மற்ற அணைகள் தண்ணீரைச் சேர்த்து வைக்கும். இந்த அணையோ வெறும் வயிற்றோடு காத்துக் கிடக்கும். பெருமழை கொட்டினால் வருகிற வெள்ளத்தையெல்லாம் வாங்கி வைத்துக்கொண்டு, கீழே ஆறு தணிந்த பிறகு கொஞ்சம் கொஞ்சமாக விடும்.

ஆற்றோரத்தில் தாழ்வான ஒரு தெரு. நாற்பத்தொரு வீடுகள். ஷட்டரைத் தூக்குவதற்கு முன்னால் ஒவ்வொரு வீட்டுக்கும் போன் செய்து, எத்தனை பேர் இருக்கிறார்கள், நடக்க முடியாதவர் உண்டா என்று கேட்டு டிக் அடிக்க வேண்டும். மூன்று முறை அடித்தும் எடுக்காத வீட்டுக்கு ஆள் நேரில் போக வேண்டும். தண்ணீர் முதலில் தொடுகிற வீடு பட்டியலில் முதல் வீடு. அக்கா குடியிருந்தது முப்பத்தோராவது வீடு.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரு நாள் ஷட்டரை அவசரமாகத் தூக்க வேண்டி வந்தது. தங்கை வரிசைப்படிதான் கூப்பிட்டாள். அக்காவின் முறை வந்தபோது பத்து நிமிஷம்தான் மிச்சம். அக்கா உயிரோடு மேட்டுக்கு ஏறிவிட்டாள். தையல் மிஷின் போயிற்று. இறந்துபோன புருஷனின் ஒரே போட்டோவும் போயிற்று. "கூடப் பிறந்தவளை முப்பத்தோராவதா கூப்பிட்டே இல்லே?" என்று கேட்டாள். அதோடு பேச்சு நின்றது.

நின்றது என்றால் முழுசாக நின்றுவிடவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை ஒத்திகை நடக்கும். ஷட்டர் தூக்க மாட்டார்கள், ஆனால் போன் செய்தாக வேண்டும். அந்த ஒரு நாளுக்காகத் தங்கை வருஷம் பூராவும் காத்திருப்பாள். முப்பது வீட்டையும் மளமளவென்று முடித்துவிட்டு, ஒரு மடக்குத் தண்ணீர் குடித்து, தொண்டையைச் செருமிக்கொண்டு அந்த எண்ணை அழுத்துவாள்.

"இது அணை அலுவலகத்திலிருந்து ஒத்திகை அழைப்பு. வீட்டில் எத்தனை பேர் இருக்கிறீர்கள்?"

"ஒருத்தி."

"நடக்க முடியாதவர் யாராவது..."

"நல்லாவே நடப்பேன்." டொக்.

அவ்வளவுதான். அந்த மூன்று வார்த்தையை வைத்துக்கொண்டு அடுத்த வருஷம் வரை ஓட்டுவாள். குரல் கரகரப்பாக இருந்ததே, சளியோ? பின்னால் மிஷின் சத்தம் கேட்டதே, புதுசு வாங்கிவிட்டாளோ? எழுதி வைத்திருந்த கேள்விகளை அவள் மெதுவாக, ஒவ்வொரு எழுத்தாக வாசிப்பாள். "என்னம்மா, உனக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வருமா?" என்று காவலாளி கேலி செய்வார். அவருக்கு மைக்செட் என்று பெயர். அவர் பேசினால் போனே தேவையில்லை, அக்கரைக்குக் கேட்கும்.

இந்த வருஷம் மழை நன்றாகப் பெய்தது. அணை நிரம்பி நின்றது. பிறகு மழை விட்டு, நாலு நாளாகப் பளீரென்று வெயில். கீழே ஆறு இன்னும் தணியாததால் தண்ணீரைத் திறந்துவிடவில்லை.

மண் அணை என்றால் அடியில் கொஞ்சம் கசியத்தான் செய்யும். அந்தத் தண்ணீர் தெளிவாக இருக்கிறவரை பயமில்லை. கலங்கி வந்தால், அணை தன் உடம்பு மண்ணையே கரைத்துக் கொண்டுவருகிறது என்று அர்த்தம். தங்கை தினமும் காலையில் படி இறங்கிப் போய் ஒரு கண்ணாடி பாட்டிலில் கசிவுத் தண்ணீரைப் பிடித்து வெளிச்சத்தில் பார்ப்பாள். அன்று பாட்டிலில் தண்ணீர் பாலில்லாத டீ மாதிரி இருந்தது. கழுவிவிட்டு இன்னொரு தடவை பிடித்தாள். அதே நிறம்.

இன்ஜினியர் ஓடி வந்து பார்த்தார். சாயங்காலம் மலைப்பக்கம் மறுபடி மழை என்று தகவலும் வந்துவிட்டது. "பன்னிரண்டு மணிக்கு ஷட்டரைத் தூக்கணும். தண்ணி பாரம் குறைஞ்சாத்தான் இந்த மண்ணு தாங்கும். தாங்கலேன்னா தெரு மட்டும் இல்ல, டவுனே போயிடும். நாப்பத்தொண்ணும் டிக் ஆயிருக்கணும், சரியா?"

தங்கை பட்டியலை எடுத்தாள். விரல் தானாக முப்பத்தொன்றுக்குத்தான் போயிற்று. இந்தத் தடவையாவது முதலில் கூப்பிட்டுவிடலாமே என்று மனசு பறந்தது. ஆனால் முதல் வீட்டில் இரண்டு கைக்குழந்தைகள். விரலை இழுத்து மேலே வைத்தாள்.

"என்னது, வெள்ளமா? வெயில் மண்டையைப் பிளக்குதும்மா!"

"துணி காயப் போட்டிருக்கேன். அதையும் சேர்த்து நனைச்சுடப் போறியா?"

அவர்களோடு மல்லுக்கட்டி, கெஞ்சி, அதட்டி முப்பது வீட்டை முடிப்பதற்குள் மணி பதினொன்று. முப்பத்தொன்று. போன் மணி அடித்தது. யாரும் எடுக்கவில்லை. மிச்சம் பத்து வீட்டை முடித்துவிட்டு மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை. மூன்றாவது தடவையும் எடுக்கவில்லை. எழுந்து ஓடலாமென்றால் ஷட்டரைத் தூக்க அன்று அவளை விட்டால் ஆளில்லை.

"மைக்செட் அண்ணே, ஸ்கூட்டரை எடுங்க. எங்கக்கா வீடு."

பதினைந்து நிமிஷத்தில் அவரிடமிருந்து போன் வந்தது. "அம்மா, உங்கக்கா குத்துக்கல்லாட்டம் வாசல்லயே நாற்காலி போட்டு உக்காந்திருக்காங்க! நகர மாட்டேங்கறாங்க! ஒத்திகைதானே, அவளை வரச் சொல்லுங்கறாங்க!"

"போனை அக்கா காதுல வைங்க. நீங்க கொஞ்சம் பேசாம இருங்க அண்ணே."

மறுமுனையில் மூச்சுச் சத்தம். தங்கை பழக்கத்தில், "இது அணை அலுவலகத்திலிருந்து..." என்று தொடங்கினாள். தாளைக் கீழே போட்டாள்.

"அக்கா, நான்தான்."

"தெரியுது."

"ஏன்க்கா போனை எடுக்கலை?"

"எடுக்கலேன்னா நேர்ல வருவீங்களாமே. போன ஒத்திகையில பக்கத்து வீட்டுக்காரி எடுக்கலேன்னு வந்தியே. அவ வீட்ல உக்காந்து டீ குடிச்சே. நான் கதவுக்குப் பின்னாலயே நின்னேன்டீ. என் வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்காமப் போனே."

"பயமா இருந்துச்சுக்கா. நீ கதவைச் சாத்திடுவியோன்னு."

"சாத்தித்தான் இருப்பேன். நீ தட்டியிருக்கணும்."

சுவர்க்கடிகாரத்தில் பதினொன்றே முக்கால். இன்ஜினியர் வாசலில் வந்து நின்று கையைக் காட்டினார்.

"அக்கா, இது ஒத்திகை இல்லை. கசிவுத் தண்ணி கலங்கிப்போச்சு. ஷட்டர் தூக்கற பட்டன்கிட்ட நிக்கறேன். நீ அங்க இருந்தா என் விரல் அழுந்தாது. அழுந்தலேன்னா எல்லாருக்கும் ஆபத்து."

"இந்தத் தடவையாவது என்னை முதல்ல கூப்பிட்டியா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரை வந்தது. "இல்லைக்கா. வரிசைப்படிதான். முதல் வீட்ல ரெண்டு கைக்குழந்தைங்க."

"தெரியும்டீ. நாலு வருஷமாவே தெரியும். தெரிஞ்சுட்டா மனசு ஆறிடுமா?"

தங்கைக்கு அழுகைதான் வந்தது. அந்த அழுகையைக் கேட்டபடியே அக்கா நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்த சத்தம் கேட்டது. "அழாதே, வேலையைப் பாரு. ஏங்க மைக்செட்டு, நின்னுக்கிட்டிருக்கீங்களே, மிஷினைப் பிடிங்க! இதுவும் போச்சுன்னா புதுசுக்கு நீங்கதான் பணம் தரணும்!"

பன்னிரண்டுக்கு மூன்று நிமிஷம் இருக்கும்போது மேட்டிலிருந்து மைக்செட்டின் குரல் வந்தது. நாற்பத்தொன்றும் டிக். சைரன் ஊதிற்று. தங்கை பட்டனை அழுத்தினாள். அந்தப் பளீர் வெயிலில் தண்ணீர் உறுமிக்கொண்டு இறங்கியது. எந்த வீட்டுப் பக்கம் போகிறது என்று அவளுக்குத் தெரியும்.

மூன்று நாள் அவள் அணையை விட்டு நகர முடியவில்லை. மணிக்கு ஒரு தடவை படி இறங்கிப் பாட்டிலைப் பிடிக்க வேண்டும். ஒவ்வொரு தடவை ஏறும்போதும் திரும்பி நின்று தூரத்து மேட்டைப் பார்ப்பாள். அங்கே பள்ளிக்கூடத்துக் கூரை ஒரு கோடு மாதிரி தெரியும். அதற்குக் கீழே அக்கா இருக்கிறாள், சாப்பிட்டாளோ, தூங்கினாளோ, இன்னும் கோபமோ. ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம். எண்ணை அழுத்தி அழுத்தி வைத்துவிட்டாள். டிக் அடிக்க ஒன்றும் இல்லாமல் அக்காவோடு என்ன பேசுவது என்றே அவளுக்கு மறந்துபோயிருந்தது.

நாலாம் நாள் பாட்டிலில் தண்ணீர் தெளிந்தது. அணை வயிறு காலியாகி நின்றது. வெளியூரிலிருந்து அணைப் பழுது பார்க்கிறவர்கள் வந்து சேர்ந்தார்கள். இன்ஜினியர், "போயிட்டு வாம்மா" என்றார்.

தெரு முழுக்கச் சேறு. முப்பத்தோராவது வீட்டுச் சுவரில் முட்டியளவுக்கு ஈரக்கோடு. கதவு திறந்துதான் கிடந்தது. இருந்தும் தங்கை தட்டினாள்.

அக்கா உள்ளே கணுக்கால் சேற்றில் நின்று வாரியலால் தள்ளிக்கொண்டிருந்தாள். தலைமுடி பாதிக்கு மேல் நரைத்திருந்தது. போனில் நரை எங்கே கேட்கிறது! தங்கை அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அக்கா நிமிர்ந்து மேலும் கீழும் பார்த்தாள். "செருப்பை வெளியில விட்டுட்டு வா. வீடு அழுக்காயிடும்."

தங்கைக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. வெறுங்காலோடு சேற்றில் இறங்கினாள்.

"சிரிக்காதே. உன்கூட நான் இன்னும் பேசலை," என்று சொல்லிவிட்டு அக்கா தகரத் தட்டை அவள் பக்கம் நீட்டினாள். "அந்த மூலையிலேர்ந்து அள்ளு. குனியறப்ப முதுகைப் பார்த்துக்கோ."

இருட்டுவதற்குள் ஓர் அறை சுத்தமாயிற்று. மிச்சம் இரண்டு அறை இருந்தது. நாளைக்கும் வர வேண்டும் என்று அக்கா சொல்லவில்லை. மூலையில் கிடந்த இன்னொரு வாரியலையும் எடுத்து, இரண்டையும் கழுவி வைத்தாள்.

அவ்வளவுதான் கண்ணுகளா. உங்கள் வீட்டு வாசலுக்கு வெள்ளம் வராமல் இருக்கட்டும். வந்தாலும் உங்களை எழுப்ப ஒரு குரல் வரட்டும். கோபித்துக்கொண்டு போனவர்கள் வந்து தட்டட்டும், உள்ளே இருக்கிறவர்கள் திறக்கட்டும். உங்கள் வீட்டில் எண்ணிக்கை ஒன்று குறையாமல், எல்லாரும் நன்றாக இருங்கள்.