ஹைஃபாவின் கை

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று ஸ்ஃபாக்ஸ் நகரில் எங்கள் டயாலிசிஸ் பிரிவு முழுக்கப் பேச்சு. பேசட்டும். ஹைஃபாவின் கைகளைப் பார்த்துக் கோபம் வராதவள் நர்ஸே இல்லை. நோயாளியைத் தொடும் முன்னும் பின்னும் ஆல்கஹால் திரவத்தைத் தேய்த்தால் போதும். இவளோ அதற்கு மேல் சோப்புப் போட்டுச் சுடுநீரில் கழுவி, ஈரம் காயுமுன் கையுறையை மாட்டுவாள். விரல் மடிப்பெல்லாம் வெடித்துச் சிவந்து கிடந்தது.

“டாக்டரம்மாகிட்ட காட்டித் தொலையேன்டி.”

“காட்டினா, ஆறுற வரைக்கும் நோயாளியத் தொடாதேன்னு உக்கார வெச்சிருவாங்க ரவ்தாக்கா. என்னுது ஒப்பந்த வேலை, இப்பதான் புதுப்பிக்கிற நேரம். இப்பல்லாம் எரிச்சலே இல்ல, நம்புங்க.”

நான் பதில் சொல்வதற்குள் உறையை மாட்டிக்கொண்டு நழுவிவிட்டாள்.

மூலை நாற்காலியில் லம்ஜத் பெரியவர். அவர் ரத்தத்தில் ஹெபடைட்டிஸ் சி, ரத்தம் பட்டால் தொற்றும் ஈரல் கிருமி. அன்று மதியம் அவருக்கு ரத்தச் சுத்திகரிப்பு முடிந்து ஹைஃபா ஊசியை உருவினாள். அந்தப் பருத்த ஊசி போன துளையில் வழக்கமாக அவரே பஞ்சை அழுத்திப் பிடித்துக்கொள்வார். அன்று ரத்த அழுத்தம் இறங்கி, கண் செருகிச் சாய்ந்துவிட்டார். பஞ்சை ஹைஃபா அழுத்தினாள்.

“ரவ்தாக்கா!”

திரும்பினேன். அவள் கையுறை சுட்டுவிரலிலிருந்து மணிக்கட்டு வரை கிழிந்து தொங்கியது. ஊறிப்போன பஞ்சிலிருந்து ரத்தம் அவள் விரல்களுக்கிடையே, அந்த வெடிப்புகளின் மேலேயே வழிந்துகொண்டிருந்தது.

“கைய எடுடி!”

“எடுத்தா பீய்ச்சி அடிக்கும்க்கா. மயக்கத்துல இருக்காரு, தாங்க மாட்டாரு.”

“ஐயோ, உன் கை வெடிச்சிருக்குடி பாவி!”

“தெரியுது. சீக்கிரம் வாங்க.”

திரவத்தைத் தேய்த்தேன். அது காய வேண்டும், காயாமல் உறை ஏறாது. அவள் அசையவில்லை, உதடு மட்டும் வெளுத்திருந்தது. உறையை இழுத்து மாட்டிக்கொண்டு ஓடி, அவள் விரல்களுக்கு மேலே புதுப் பஞ்சை வைத்து அழுத்தினேன். அவள் தன் கையை மெதுவாக உருவிக்கொண்டாள்.

“போ! சோப்புப் போட்டு ஓடுற தண்ணியில கழுவு. தேய்க்காதே!”

இன்னொருத்தி வந்து பெரியவரின் காலை உயர்த்திப் பிடித்தாள். சலைன் இறங்க இறங்க அவர் கண் திறந்தார். ரத்தம் நின்றபின் கீழே கிடந்த ஹைஃபாவின் கிழிந்த உறையைக் குப்பையில் போடக் குனிந்தேன். குப்பென்று ஆலிவ் எண்ணெய் வாசம்.

கைகழுவும் தொட்டிக்கு ஓடினேன். “எண்ணெய் தடவினியா?”

“தடவினதுலேருந்துதான் வலியே இல்லக்கா.”

எங்கள் ஊரில் காது வலித்தாலும் எண்ணெய், இருமினாலும் எண்ணெய். “ரப்பர் எண்ணெயில ஊறினா இத்துப்போகும்டி! மூளைய எங்க அடகு வெச்ச?” என்று கத்தினேன். கத்தும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது.

“எனக்கும் வந்துருமா அக்கா?”

“வரணும்னு இல்ல. வந்தாலும் மருந்து இருக்கு, குணமாயிரும்.” உண்மைதான். ஆனாலும் குழாயை இன்னும் கொஞ்சம் திறந்துவிட்டேன்.

டாக்டரம்மா அவளைத் திட்டவில்லை. பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தார், கைக்குக் கட்டுப் போட்டார், சில வாரம் கழித்து மறுபடி எடுக்க வேண்டும் என்றார். அதுவரை காத்திருக்க வேண்டியதுதான். ஹைஃபா பையை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். மூலையில் லம்ஜத் பெரியவர் எழுந்து உட்கார்ந்திருந்தார். மயக்கத்தில் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது.

“மகளே, இங்க வா. நான் குடுத்த எண்ணெயத் தடவுறியா? நம்ம தோட்டத்துது, முதல் பிழிவு. கடையில கிடைக்காது. கை ஆறிருச்சா? காட்டு பாப்போம்.”

நான் வாயைத் திறந்தேன். ஹைஃபா என்னைப் பார்த்தாள். கட்டுப் போட்ட கை கோட்டுப் பைக்குள் போயிருந்தது.

“ஆறிருச்சு பெரியப்பா.”

“பாத்தியா! நான் சொல்லல? அடுத்த தடவை இன்னொரு பாட்டில் கொண்டாறேன்.”

“கொண்டாங்க பெரியப்பா,” என்றாள். “அம்மாவும் கேட்டாங்க.”