லண்டனில் ஆறு வருடம்

ஸ்வீடனில் ஹார்னோசாண்ட் ஊர் நூலகத்தின் மாடியில், புதன்கிழமை மதியம் மூன்று மணிக்கு ஹொல்கர் பீஸ்ட்ரோம் ஓய்வு பெற்றவர்களுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்து வந்தார். பன்னிரண்டு வருடமாக நடக்கிற வகுப்பு. லண்டனில் ஆறு வருடம் வாழ்ந்தவர் என்று சொல்லித்தான் அந்த வேலையை வாங்கினார். உண்மையில் லண்டன் பக்கமே அவர் போனதில்லை. இருபத்திரண்டு வயதில், இங்கிலாந்தின் ஹல் துறைமுகத்து ஹோட்டல் ஒன்றில் பதினோரு வாரம் பாத்திரம் கழுவினார். அங்கே அவரிடம் பேசிய ஒரே ஆள் ஒரு போர்ச்சுகீசியன்.

அன்றைய பாடத்தை அவரேதான் தேர்ந்தெடுத்திருந்தார்: ஏமாற்று வேலைக்கான சொற்கள். கரும்பலகையின் இடப்பக்கம் ஆங்கிலம், வலப்பக்கம் ஸ்வீடிஷ். இந்தப் பக்கம் ‘லை’, அந்தப் பக்கம் ‘யூகா’; இரண்டும் பொய் சொல்வதுதான். ஏமாற்றுவதற்கான ‘சீட்’ என்பதற்கு நேரே ‘ஃபுஸ்கா’.

"பரீட்சையில காப்பி அடிக்கிறதும் ஃபுஸ்காதான், அரைகுறையா வேலை பாக்குறதும் ஃபுஸ்காதான். இங்கிலீஷ்ல ரெண்டும் வேற வேற" என்றார் ஹொல்கர்.

"எங்க வீட்டுக் கூரை போட்டவனுக்கு ரெண்டும் பொருந்தும்" என்றார் காகித ஆலையில் மெக்கானிக்காக இருந்த ஏவர்ட்.

அப்போது கதவைத் திறந்துகொண்டு, சிவப்பு மழைக்கோட்டுப் போட்ட ஒரு அம்மாள் உள்ளே வந்தார். பெயர் மொரீன். ஆங்கிலேயர். மகளுக்கு இந்த ஊரில் கல்யாணம் ஆகியிருந்ததால் ஆறு வாரத்துக்கு முன்பு இங்கே குடியேறியவர். பேச்சுத் துணைக்காக வந்ததாகத் தட்டுத்தடுமாறி ஸ்வீடிஷில் சொன்னார். பன்னிரண்டு வருடத்தில் அந்த வகுப்புக்குள் நிஜமான ஆங்கிலேயர் ஒருவரும் கால் வைத்ததில்லை.

"ஹொல்கர், நோட்லொங்ன்-க்கு இங்கிலீஷ்ல என்னப்பா?" என்று கேட்டார் குன்போர்க். எண்பது வயது, தபால்காரியாக இருந்தவர். யார் மனமும் நோகாமலிருக்க, வேறு வழியில்லாமல் சொல்கிற பொய்க்கு அந்தச் சொல்.

"நீட் லை" என்று கம்பீரமாகச் சொன்னார் ஹொல்கர். சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் அப்படித்தான் வரும்.

மொரீன் புருவத்தை உயர்த்தினார். "நாங்க ‘ஒயிட் லை’ன்னு சொல்வோம்."

"அட, வெள்ளைப் பொய்! நம்ம பாஷைலயும் அப்படிச் சொல்றதுதானே!" என்றார் ஏவர்ட்.

ஹொல்கரின் காது மடல் சூடானது. ஏலக்காய் ரொட்டித் தட்டை மொரீனிடம் நகர்த்தினார். வாய் நிறைய ரொட்டி இருந்தால் கேள்வி வராது என்று ஒரு நப்பாசை.

மொரீன் நன்றாக மென்று விழுங்கிவிட்டே கேட்டார். "கீழ நூலகத்துல சொன்னாங்க, லண்டன்ல ஆறு வருஷமாமே. எந்தப் பக்கம்?"

"ஆத்தங்கரைப் பக்கம்."

"எந்தக் கரை?"

"வலது கரை" என்றார் ஹொல்கர். சொன்ன கணமே, தான் எவ்வளவு கேவலமான பொய்யன் என்பது அவருக்கு உறைத்தது. தேம்ஸ் எந்தத் திசையில் ஓடுகிறது என்றுகூடப் பார்த்து வைக்கவில்லை. இத்தனை வருடத்தில் தன் பொய்க்காக ஒரு வரைபடத்தைப் புரட்டும் உழைப்பைக்கூட அவர் போடவில்லை. பொய்யிலும் ஃபுஸ்கா.

சாக்குக்கட்டியைக் கீழே வைத்தார். "லண்டன் இல்ல. ஹல். ஆறு வருஷம் இல்ல, பதினோரு வாரம். பாத்திரம் கழுவினேன்."

சொல்லி முடித்துவிட்டுத் தரையைப் பார்த்தபடி நின்றார். யாராவது எழுந்து போவார்கள் என்று எதிர்பார்த்தார். நாற்காலி எதுவும் நகரவில்லை.

"தெரியுமே" என்றார் குன்போர்க், காப்பியை ஊதியபடி. "உன் தங்கச்சி முடி வெட்டுற கடையில வச்சு எங்கிட்டச் சொல்லிட்டா. நீ வாத்தியாரா வந்த முதல் வருஷமே."

"எல்லாருக்குமா தெரியும்?"

"தபால்காரிகிட்டச் சொன்னா வேற எப்படி இருக்கும்?"

"அப்பறம் ஏன் யாருமே கேக்கல?"

"லண்டன் மூடுபனியப் பத்திப் பேசும்போது உன் மூஞ்சி அப்படி மலரும். அதக் கெடுக்க மனசு வரல."

"அதோட, உன்னைத் துரத்திட்டா வேற எவனாவது வருவான். அவன் வீட்டுப்பாடம் குடுப்பான்" என்றார் ஏவர்ட்.

ஹொல்கருக்கு அவமானமும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. பன்னிரண்டு வருடமாகத் தான் இவர்களை ஏய்ப்பதாக நினைத்திருந்தார். இவர்களோ மூடுபனிக் கதையைச் சலிக்காமல் கேட்டு, பிள்ளையின் நாடகத்துக்குக் கைதட்டுகிற மாதிரி தலையாட்டியிருக்கிறார்கள். "அப்போ நீங்களும் எங்கிட்டப் பொய்தானே சொல்லியிருக்கீங்க!"

"நாங்க வாயே தொறக்கலையே. அதுக்கு இங்கிலீஷ்ல என்ன சொல்லு" என்றார் குன்போர்க்.

ஹொல்கர் கரும்பலகையைப் பார்த்தார். பழக்கதோஷத்தில் எதையோ இட்டுக்கட்ட நாக்கு எழும்பியது. அடக்கிக்கொண்டார். "தெரியாது" என்றார். அந்த அறையில் அந்தச் சொல்லை அவர் சொன்னது அதுவே முதல் தடவை.

எல்லோரும் மொரீனைப் பார்த்தார்கள். அவருக்கும் தெரியவில்லை.

வகுப்பு கலைந்து படியிறங்கும்போது, மொரீன் அவர் தோளில் தட்டி, தன் ஊரான நியூகாஸில் பேச்சில் கடகடவென்று ஏதோ சொன்னார். ஹொல்கருக்கு ஒரு வார்த்தைகூடப் பிடிபடவில்லை. ஒரே நாளில் இரண்டாவது முறை மானம் போக வேண்டாமே என்று புன்னகைத்து, "யெஸ், யெஸ், ஆஃப் கோர்ஸ்" என்றார். மொரீன் அவர் கையைப் பிடித்து ஆனந்தமாகக் குலுக்கிவிட்டுப் போனார்.

எதற்குச் சம்மதித்தோம் என்பது சனிக்கிழமை காலை தெரிந்தது. அழைப்பு மணி அடித்தது. வாசலில் மொரீன், ஒரு கையில் பெட்டி, மறு கையில் பிடித்த கயிற்றின் முனையில் கன்றுக்குட்டி அளவு நாய். ஊருக்குப் போய்த் திரும்பி வரப் பத்து நாள் ஆகுமாம்.