புதுக் கமான் பட்டை

"ஸ்பானரக் குடு, கலா" என்று வண்டிக்கு அடியிலிருந்து ஒரு கை நீண்டது. கலாவதி கண்ணைத் துடைத்த கையாலேயே ஸ்பானரை எடுத்துக் கணவன் குமாரவேலிடம் கொடுத்தாள். வாசலில் அவள் அப்பா கைலாசம், மாலைகளுக்கு நடுவே நாற்காலியில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார். எண்பதைத் தாண்டி, ராத்திரி வடகறி கேட்டு வாங்கித் தின்றுவிட்டுத் தூக்கத்திலேயே போனவர். கல்யாணச் சாவு. எஸ்.டி.டி. பூத்திலிருந்து தகவல் போய், ஐயம்பேட்டை உறவெல்லாம் வந்து தப்பட்டைக்கு ஆடிக்கொண்டிருந்தது.

கடைசிப் பயணம் தன் பிக்கப் வண்டியில்தான் என்று கைலாசம் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார். கல்யாண மண்டபங்களுக்கு அண்டாவும் அடுப்பும் ஏற்றி ஏற்றி, பின்பாரம் தாங்கும் கமான் பட்டைகள் தேய்ந்து தட்டையாகியிருந்தன. காலையில் பார்த்தால் ஒன்று முறிந்தே கிடந்தது. ஊரில் பாதிப் பேருக்கு விருந்து சுமந்த வண்டி, முதலாளியைச் சுமக்க மாட்டேன் என்கிறது! குமாரவேல் மெக்கானிக். மாமனாருக்கு மாலை வாங்கும் முன்னால் புதுப் பட்டை வாங்கிவந்தான்.

கலாவதிக்கு ஒரே ஆசை, ஆற்றங்கரை மயானம் வரை அப்பாவோடு போகவேண்டும். லீவு நாளெல்லாம் அந்த வண்டியில் அவர் பக்கத்தில் உட்கார்ந்தே வளர்ந்தவள். காலையிலேயே சித்தப்பா தணிகாசலத்திடம் கேட்டுப் பார்த்தாள்.

"பொம்பளைங்க தெருமுனையோட திரும்பிடணும்மா. இன்னாத்துக்குப் புதுசா கேக்கற?" என்று முடித்துவிட்டார். அவர் பேச்சுக்கு அங்கே மறுபேச்சு கிடையாது.

பட்டையை மாட்டி ஜாக்கியை இறக்கியதும் வண்டி நிமிர்ந்து நின்றது. கைலாசத்தை நாற்காலியோடு ஏற்றிக் கட்டினார்கள். குமாரவேல் நாலடிதான் ஓட்டியிருப்பான். வண்டி துள்ளியது. கைலாசம் ஒரு எம்பு எம்ப, தலைப்பாகை மூக்குக்கு வந்துவிட்டது. ஆடியவர்கள் விசிலடித்தார்கள்.

"இன்னாபா மாப்ள, தூக்கிப் போடுது!" தணிகாசலம் பதறினார்.

குமாரவேல் இறங்கி வந்தான். "புதுப் பட்டை மாமா, வெறப்பா இருக்குது. வெயிட் இல்லன்னா குதிக்கும். ஆளுங்கள ஏத்தணும்."

"ஏறுங்கடா!"

"நாங்க ஆடிக்கினு வரோம்பா!" ஆட்டத்தை விட ஒருத்தனுக்கும் மனசில்லை.

குமாரவேல் கையைத் துணியில் துடைத்துக்கொண்டான். "பொம்பளைங்க சும்மாதான நிக்கிறாங்க."

தணிகாசலம் வண்டியைப் பார்த்தார், அண்ணனைப் பார்த்தார். "வெயிட்டுக்குத்தான். வெயிட்டுக்கு மட்டும்" என்றார்.

அவர் வாயை மூடுவதற்குள் சம்பூர்ணம் அத்தை முந்தானையைச் செருகிக்கொண்டு ஏறிவிட்டாள். பின்னாலேயே ஏழெட்டுப் பெண்கள், சாவு வீடு என்பதை மறந்து சிரித்துக்கொண்டு. வண்டி பதவிசாக அமுங்கியது. கலாவதியும் ஏறி, அப்பாவின் தலைப்பாகையை நேராக்கிவிட்டுக் குனிந்து புருஷனிடம் கேட்டாள்.

"மெய்யாலுமே ஆள்தான் ஏறணுமா?"

"ரெண்டு மூட்ட மணல் போட்டாலே போதும். வாய மூடிக்கினு உக்காரு."

தெருமுனை வந்தது. பெண்கள் எப்போதும் நின்றுவிடும் இடம். கலாவதி அப்பாவின் நாற்காலியை இறுகப் பிடித்துக்கொண்டாள். குமாரவேல் பிரேக்கைத் தொடவில்லை. திருப்பத்தில் வண்டி லேசாகச் சரிந்தபோது அப்பாவின் தோள் அவள் தோளில் வந்து சாய்ந்தது. அவள் நகராமல் தாங்கிக்கொண்டாள்.